மச்சான் நின்ற சதுக்கங்கள்

மொரோக்கோவுக்குப் போகிறவர்கள் காசாபிளாங்காவில் அதிகம் தங்குவதில்லை. விமானம் அங்கே இறங்குகிறது என்பதற்காக ஒருநாள் நின்று, கடலோரத்துப் பெரிய மசூதியைப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் மராகேஷுக்கோ ஃபெஸ்ஸுக்கோ ரயில் ஏறிவிடுவார்கள். பயணக் கையேடுகளும் அப்படித்தான் சொல்கின்றன. நானும் என் தங்கையும் சென்ற பங்குனியில் அந்த ஒரு நகரத்தில் மட்டும் ஒரு வாரம் இருந்தோம். அவளுடைய கணவர், என் மச்சான், கடைசியாக எங்களோடு கதைத்தது அங்கிருந்துதான். அவர் இறந்துவிட்டார் என்று ஏற்றுக்கொண்டு கிரியை செய்வதா வேண்டாமா என்பதை அந்த ஊரைப் பார்த்த பிறகே சொல்வேன் என்று தங்கை சொல்லியிருந்தாள்.

1992இல் கனடாவின் மொன்றியல் நகரம் தன்னுடைய முந்நூற்றைம்பதாவது ஆண்டைக் கொண்டாடியது. அந்தக் கோடையில் நான் அங்கே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு சின்ன அப்பார்ட்மென்டில் இருந்தேன். கனடாவுக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட மச்சானை ஏஜென்ட் காசாபிளாங்காவில் இறக்கிவிட்டு, பொறு, பொறு என்று சொல்லிக்கொண்டிருந்தான். தங்கை கைக்குழந்தையோடு ஊரில். யாழ்ப்பாணத்தில் அப்போது தொலைபேசி கிடையாது. ஆகவே மச்சான் எனக்குத்தான் எடுத்தார். அவர் சொன்னதை நான் கடிதமாக எழுதிக் கொழும்புக்கு அனுப்புவேன்; அங்கிருந்து ஊருக்குப் போகிற யாராவது அதைத் தங்கையிடம் சேர்ப்பார்கள். ஆக, புறப்பட்ட பிறகு அவர் குரலை அவள் ஒருமுறையும் கேட்கவில்லை. நான் எழுதியதைத்தான் வாசித்தாள்.

முதல்முறை எடுத்தபோது அவருக்கு மசூதியைப் பற்றித்தான் பேச்சு.

"மச்சான், நீ நம்ப மாட்டாய். கடலுக்கு மேல மசூதி கட்டுறாங்கள். தண்ணிக்கு மேல! கோபுரத்தைப் பாக்கக் கழுத்து நோகுது."

"விசா அலுவல் என்ன மாதிரி?"

"அதைவிட மசூதி கெதியா முடியும்."

இரண்டாவது முறை புறாக்கள். நகரத்தின் நடுவில் நீதிமன்றமும் அரசாங்கக் கட்டடங்களும் சுற்றிவர நிற்கிற பெரிய சதுக்கத்தில் பகலைப் போக்குவதாகச் சொன்னார். "இஞ்ச சும்மா நிண்டா பொலிஸ் வந்து ஆர் எண்டு கேப்பான். சோளம் வாங்கிப் புறாவுக்குப் போட்டால் கேக்க மாட்டான். புறாவுக்குச் சாப்பாடு போடுறவன் எல்லாம் ரூரிஸ்ட்தானே. நான் சாப்பிடாத நாளிலும் அதுகள் சாப்பிடுதுகள்."

மூன்றாவது அழைப்பு புரட்டாசியின் கடைசி வியாழக்கிழமை வந்தது. பழைய நகரத்தின் வாசலில் முன்பு ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் இருந்ததாம், இடித்துவிட்டார்களாம், இப்போது திருப்பிக் கட்டப் போகிறார்களாம். "யாழ்ப்பாணத்து மணிக்கூடு மாதிரி இதுவும் பிழை நேரம்தான் காட்டும், இருந்து பார்" என்றார். பிறகு குரலைத் தணித்து, வடக்கே போய் அங்கிருந்து படகில் ஸ்பெயினுக்கு ஏற்றப் போகிறார்கள் என்றார். "நிலவு இல்லாத நாள் பாத்துத்தான் ஏத்துவாங்களாம்."

"உனக்கு நீந்தத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஏன், உனக்குத் தெரியுமோ?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். காசு முடிந்து தொடர்பு அறுந்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் சிரித்ததை நான் தங்கைக்கு எழுதினேன். நீச்சல் கதையை எழுதவில்லை.

அதன் பிறகு ஒன்றுமில்லை. ஏஜென்டின் இலக்கம் வேலை செய்யவில்லை. விசாரிக்கக்கூடிய இடமெல்லாம் விசாரித்தோம். ஆள் இல்லை என்று சொல்வதற்குக்கூட யாரும் இருக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்துத் தங்கையையும் மகளையும் நான் மொன்றியலுக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். அவள் செயின்ட்-மிஷேலில் வீடு எடுத்து, பக்கத்தில் ஒரு கார்த்ரியில், பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில், சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கிற வேலைக்குப் போனாள். பென்ஷன் எடுக்கும்வரை அதே வேலைதான். ஒரு காலையும் பொட்டில்லாமல் வெளிக்கிட்டதில்லை. தாலியும் கழுத்தில் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு இது பெரிய சிக்கல். மங்கல காரியங்களுக்கு அவளை முன்னுக்கு விடுவதா, பின்னுக்கு நிறுத்துவதா என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் தானாகவே ஓரமாக நிற்பாள், ஆனால் பொட்டோடு நிற்பாள். மகளின் கலியாணத்தில் நானும் என் மனைவியும்தான் தாரை வார்த்தோம். அன்று றொறன்ரோவிலிருந்து வந்திருந்த உறவுக்காரி ஒருத்தி சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேட்டுவிட்டாள்.

"எத்தினை வருசத்துக்கு, பிள்ளை, மனுசனைக் காட்டாமல் பொட்டை மட்டும் காட்டிக்கொண்டு திரியப் போறாய்?"

தங்கை பாயசத்தை வைத்துவிட்டு, "உங்கட மனுசன் பக்கத்தில இருக்கேக்க நீங்கள் சிரிச்சு நான் ஒருநாளும் காணேல்லை, அக்கா" என்றாள்.

கலியாணத்துக்குப் பிறகு மகளுக்கு இரண்டு தடவை பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. அப்போதுதான் ஆட்கள் வாய் திறந்தார்கள். தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் இப்படித்தான் என்றார்கள். மகளுக்கு அதில் ஒரு துளி நம்பிக்கையும் இல்லை. தாயோடு பிரெஞ்சில் சண்டை பிடித்தாள். டொக்டர் சொன்ன காரணங்களை எடுத்துச் சொன்னாள். அப்பாவை இதற்குள் இழுக்க வேண்டாம் என்று அழுதாள். தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை சொல்வது சரி என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மூன்றாவது முறையும் அப்படி ஆனால், ஆட்கள் சொன்னது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும் என்றும் தெரியும்.

"முதல் அங்க போவம், அண்ணை" என்றாள் ஒருநாள். "பேந்து நீங்கள் எல்லாரும் சொல்லுறதைச் செய்யிறன்."

ஜோன்-தலோன் வீதியில், செயின்ட்-மிஷேல் பக்கம், மொரோக்கோ, அல்ஜீரியா பக்கத்து மக்ரெப் ஆட்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தங்கை பல காலமாகப் புதினாவும் ஒலிவ் காயும் வாங்குகிற கடைக்காரர் காசாபிளாங்காவில் பிறந்தவர். நாங்கள் போகப் போகிறோம் என்றதும் கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"காசாபிளாங்காவுக்கா? மதாம், அங்கே ஆட்கள் வேலைக்குத்தான் போவார்கள். மராகேஷுக்குப் போங்கள். பொழுது சாயப் பெரிய சதுக்கத்துக்கு வந்துவிடுங்கள், பாட்டுக்காரர், கதை சொல்கிறவர், பாம்புக்காரர், இறைச்சி சுடுகிற புகை, எல்லாம் அங்கே. ஃபெஸ்ஸில் பழைய நகரத்துக்குள் போனால் வழி தவற வேண்டும், தவறாவிட்டால் பார்த்த மாதிரி இல்லை. ஷெஃப்ஷாவெனில் சுவரெல்லாம் நீலம். காசாபிளாங்காவில் என்ன இருக்கிறது? டிராபிக்."

"புறாச் சதுக்கம் இப்பவும் இருக்கா?" என்று தங்கை பிரெஞ்சில் கேட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். "அங்கே உங்களுக்கு ஆள் இருக்கிறாரா?"

"இருக்கிறார்" என்றாள்.

அவர் ஒலிவ் காய்க்குக் காசு வாங்கவில்லை.

புறாச் சதுக்கம் இருந்தது. இன்று அதன் ஓரமாக டிராம் ஓடுகிறது. பிரெஞ்சுக்காரர் இருந்த காலத்துக் கட்டடங்கள், பச்சை ஓடும் வெள்ளைச் சுவருமாகச் சுற்றி நிற்கின்றன, நடுவில் நீரூற்று. சிவப்பு உடுப்பும் அகலத் தொப்பியும் போட்ட தண்ணீர்க்காரர்கள் பித்தளைக் கிண்ணங்களோடு நின்று, படம் எடுத்தால் காசு கேட்கிறார்கள். போகிறவர்கள் காலையில் போவது நல்லது, வெயில் ஏறினால் நிழல் இல்லை. தங்கை ஒரு பை சோளம் வாங்கினாள். புறாக்கள் கையிலும் தோளிலும் வந்து ஏறின. இரண்டு பொலிஸ்காரர் எங்களைக் கடந்து போனார்கள். அவள் நிமிர்ந்து அவர்களையே பார்த்தாள்.

"கேக்கேல்லை, அண்ணை" என்றாள். "உண்மையாகவே ஒண்டும் கேக்கிறாங்கள் இல்லை."

அடுத்த நாளும் சோளம் வாங்கினாள். அதற்கடுத்த நாளும். எதிரே இருந்த கபேயில் நான் புதினாத் தேநீரோடு உட்கார்ந்திருப்பேன். சதுக்கத்தைக் கடந்து போகிற வயதான ஆண்களின் முகங்களை அவள் பார்ப்பது எனக்கு அங்கிருந்தே தெரியும். அவருக்கு இப்போது என்ன வயதிருக்கும், தலை எவ்வளவு நரைத்திருக்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் பார்த்தாள். இளம் ஆட்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பழைய நகரத்துக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். அதன் வாசலில்தான் மணிக்கூட்டுக் கோபுரம். முதலில் இருந்ததை நாற்பதுகளில் இடித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். இதைத் தங்கையிடம் முன்பே சொல்லியிருந்தேன். ஆனாலும் கோபுரத்துக்கு முன்னால் வந்ததும் அவள் நடப்பதை நிறுத்திவிட்டாள். சுவரில் கார்ப் புகை படிந்து கறுத்திருந்தது. அடியில் ஒருவர் பழைய தொலைபேசிகள் விற்றுக்கொண்டிருந்தார்.

"கட்டி முடிச்சிட்டாங்கள்" என்றாள்.

"ஓம்."

"முடிச்சுப் பழசாயும் போச்சு." கொஞ்ச நேரம் மேலே பார்த்தாள். "என்ர பிள்ளையைவிட இளசு, என்ன?"

ஓம் என்றேன். அது சரியான நேரம் காட்டிக்கொண்டிருந்தது. அதை நான் சொல்லவில்லை, அவளும் பார்த்திருப்பாள்.

மசூதியைக் கடைசி நாளுக்கு வைத்தோம். 1993இல் திறந்தார்கள். முஸ்லிம் அல்லாதவர்களை வழிகாட்டியோடு உள்ளே விடுவார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், சப்பாத்தைக் கழற்றிக் கையில் கொண்டு போகப் பை தருவார்கள். திறந்து மூடுகிற கூரை, மரவேலை, பளிங்கு எல்லாவற்றையும் வழிகாட்டிப் பெண் அழகாகச் சொன்னாள். தங்கை கேட்ட மாதிரித் தெரியவில்லை. வெளியே வந்ததும் நேரே கடல் மதிலுக்குப் போனாள். அத்திலாந்திக் கீழே வந்து கல்லில் அடித்து வெள்ளையாக எழும்பியது. குடும்பம் குடும்பமாக ஆட்கள் மதிலில் இருந்து கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

"வடக்கு எந்தப் பக்கம்?"

கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் பார்த்தபடி நின்றாள். துளி தெறித்து முகம் நனைந்தது, துடைக்கவில்லை.

"அண்ணை, அவருக்கு நீந்தத் தெரியாது."

அவள் அதை அறிந்திருக்க மாட்டாள் என்று நான் ஏன் நினைத்தேனோ தெரியவில்லை. அவளுடைய கணவர்தானே.

"வீட்டை போனவுடன ஐயரிட்டக் கேளுங்கோ" என்றாள்.

மொன்றியலுக்குத் திரும்பிய கிழமையே ஐயரிடம் போனோம். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து தகனம் செய்கிற முறை உண்டு என்றார். பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, "திதி என்ன?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"கடைசியாக் கதைச்ச நாள் தெரியுமோ? அதையே வைக்கலாம்."

"அண்டைக்கு அவர் சிரிச்சவர், ஐயா" என்றாள் தங்கை உடனே. "அண்ணைதான் எழுதினவர். சிரிச்ச நாளை நான் செத்த நாள் எண்டு சொல்ல மாட்டன்."

"அப்ப ஆடி அமாவாசைக்குச் செய்யுங்கோ. திதி தெரியாத ஆக்களுக்குப் பொதுவா அதுதான்."

"திதி தெரியாத ஆள் எண்டு சொல்லாதேங்கோ." அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணை, நாள் நட்சத்திரம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் சொல்லுங்கோ. நான் கேக்கிறன்."

ஒரு மனிதன் எந்த நாளில் செத்தான் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நிலவு இல்லாத நாள் பார்த்துத்தான் ஏற்றுவார்கள் என்று அவர் சொன்னார். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு வந்த முதல் இருட்டு எது என்று நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

"ஐப்பசி அமாவாசை" என்றேன்.

ஐயர் பஞ்சாங்கத்திலிருந்து தலையை எடுத்தார். "அது தீபாவளியோட வாறதெல்லோ. யோசியுங்கோ. மகளின்ர வீட்டிலயும் இனித் தீபாவளி இல்லை எண்டாகும். நாளைக்குப் பேரப்பிள்ளை பிறந்தாலும் அப்பிடித்தான்."

தங்கை மகளுக்குத் தொலைபேசி எடுத்தாள். வாசலுக்குப் போய்க் கதைத்தாள். நெடுநேரம் கதைக்கவில்லை. திரும்பி வந்து, "அப்பாவுக்கு ஒரு நாள் இருந்தாப் போதும் எண்டு சொல்லுறாள். அதையே வையுங்கோ, ஐயா" என்றாள்.

தகனத்துக்கு மகள் மருமகனோடு வந்தாள். கொள்ளி வைத்தது மருமகன். தங்கை அன்று காலையில் வீட்டிலேயே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வந்திருந்தாள். யாரும் வந்து செய்ய வேண்டியிருக்கவில்லை. வெறும் நெற்றியோடு அவளைப் பார்க்க எனக்குப் பழக்கமில்லை, வேறு யாரோ போல இருந்தாள்.

சென்ற தீபாவளி முதலாவது திவசம். அவளுடைய சமையலறையில் படையலுக்குக் கறிகள் ஆறிக்கொண்டிருந்தன. கீழ்வீட்டு இந்தியக் குடும்பம், விஷயம் தெரியாமல், பலகாரத் தட்டொன்றைக் கதவில் தந்துவிட்டுப் போனது. தங்கை அதை வாங்கி, நன்றி சொல்லி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். பிறகு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணை, அந்த அமாவாசை அண்டைக்குக் கடல் எப்பிடி இருந்திருக்கும்?"

எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருக்கலாம், நான் தேடிப் பார்த்ததில்லை.

"அமைதியா இருந்திருக்கும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, வாழையிலையைக் கழுவ எழும்பிப் போனாள்.