உயர்த்திய கையும் மடித்த சீட்டும்

பண்டத்தரிப்பில் எங்கள் ஒழுங்கையில் பத்திரிகை ஒழுங்காக வராத காலம் அது. இந்திய இராணுவம் சந்திக்குச் சந்தி நின்ற 1988ஆம் ஆண்டு. உலகத்தில் என்ன நடக்கிறது என்று அறிய வேண்டுமென்றால் பத்மாசினி ரீச்சரைக் கேட்க வேண்டும். அவர் வானொலியில் ஆங்கிலச் செய்தியும் கேட்பார், தமிழ்ச் செய்தியும் கேட்பார். பின்னேரம் வாசிகசாலைக்கு வந்து, கேட்டதை எங்களுக்குச் சொல்வார்.

ரீச்சர் கலியாணம் செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் சமூகக்கல்வி படிப்பித்தார். தமக்கை மீனாம்பிகையோடு ஒரே வீட்டில் இருந்தார். முன்னொரு காலத்தில் தேர்தல்களின்போது வாக்குச்சாவடிப் பொறுப்பதிகாரியாகக் கடமை பார்த்தவர். அந்த நாட்களைப் பற்றி அவருக்கு ஒரு பெருமை இருந்தது. மறைப்புக்குப் பின்னால் தனியே நிற்கும் மனிதன் நியாயமாகத்தான் நடப்பான் என்பது அவருடைய நம்பிக்கை. சனம் பிழை விடுவது பயத்தால், பயம் வருவது பக்கத்தில் நிற்பவன் பார்ப்பதால் என்று அடிக்கடி சொல்வார்.

அந்த வருடம் அமெரிக்காவில் சனாதிபதித் தேர்தல். வருடத் தொடக்கத்தில் ஒரு கறுப்பினப் போதகர் தன்னுடைய கட்சியின் வேட்பாளராக வர முயன்றுகொண்டிருந்தார். எங்கள் வாசிகசாலையில் இருந்த அத்தனை பேரும் அவர் பக்கம். புகையிலைத் தோட்டக்காரர் தியாகராசாதான் எல்லோரிலும் மும்முரம்.

"கறுப்பெண்டாப்போலை என்ன ரீச்சர்? ஆள் நல்லாக் கதைக்கிறார் எண்டுதானே சொல்லுறியள். பேந்தேன் போடமாட்டாங்கள்?"

அவர் தெரிவாகவில்லை என்று ரீச்சர் வந்து சொன்ன அன்று தியாகராசாவின் முகம் செத்துப்போயிருந்தது. பிறகு ஐப்பசி மாதமளவில் இன்னொரு செய்தி வந்தது. கட்சி நிறுத்திய வேட்பாளர் ஒரு மாநிலத்தின் ஆளுநர். அவருடைய மாநிலத்தில் சிறையிலிருந்து லீவில் வெளியே போன ஒரு கறுப்பர் பெரிய குற்றம் செய்துவிட்டாராம். எதிர்ப்பக்கத்து ஆதரவாளர்கள் அந்த மனிதனின் முகத்தைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டுகிறார்களாம்.

"அந்த முகத்தைக் காட்டினாப் போதும். மிச்சத்தைச் சனத்தின்ரை பயம் பாத்துக்கொள்ளும்" என்றார் ரீச்சர்.

"படிச்ச நாடெண்டு சொல்லுறாங்கள்" என்று தியாகராசா தலையில் கை வைத்தார்.

அதே மாதத்தில்தான் எங்கள் வாசிகசாலையின் பொதுக்கூட்டமும் வந்தது. தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் சீவரத்தினம், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மரியாதையான மனிதர். மற்றவர் நாகலிங்கம், றோட்டு ஓவசியராக இருந்தவர். நாகலிங்கத்தின் தகப்பன் பனை சீவிக் கள்ளு இறக்கியவர். வீடு பனங்கூடலுக்கு அங்கால். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் அதுவரை அந்தக் கதிரையில் இருந்ததில்லை.

ஆனால் முந்திய வருடம் ஷெல் விழுந்தபோது ஊர் முழுவதும் பள்ளிக்கூடத்தில் போய்க் கிடந்தது. அப்போது லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போய் அரிசியும் மாவும் தேடிக் கொண்டு வந்தவர் நாகலிங்கம்தான். கக்கூசுக்குக் கிடங்கு வெட்டுவித்ததும் அவர். யார் வீடு, எந்தப் பக்கம் என்று பாராமல் எல்லோரும் அவர் கொண்டு வந்ததைச் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

கூட்டத்துக்கு முன் ஒரு கதை நடமாடத் தொடங்கியது. கொஞ்சக் காலத்துக்கு முன் ஒரு தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற பம்ப் களவு போனது. பிடிபட்டவன் பனங்கூடலுக்கு அங்கால் பக்கத்தவன். அது உண்மை. அவனுக்கும் நாகலிங்கத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். சீவரத்தினம் இந்தக் கதையை வாயால் எடுக்கவே இல்லை. அது தன்பாட்டில் வீடு வீடாகப் போனது. ரீச்சரின் வீட்டுக்கும் வந்தது, மீனாம்பிகையின் வாயால்.

"நாகலிங்கம் நல்ல மனுசன்தான். அவருக்குப் பின்னாலை ஆரார் வந்து உதுக்குள்ளை நிப்பினமோ தெரியாது. பொம்பிளைப் பிள்ளையள் புத்தகம் எடுக்க வாற இடம்."

"அக்கா, அமெரிக்காவிலை காட்டின படமும் இதுதான்" என்றார் ரீச்சர்.

மீனாம்பிகை எழும்பி அடுப்பைப் பார்க்கப் போனார்.

வாசிகசாலையில் எப்போதும் கை உயர்த்தித்தான் தெரிவு நடக்கும். அன்றும் அப்படித்தான். நாகலிங்கத்துக்கு நாற்பத்தொரு கைகள், சீவரத்தினத்துக்கு நாற்பத்தாறு. தமக்கையின் கை நாகலிங்கத்துக்கு உயர்ந்ததை ரீச்சர் கண்டார். தியாகராசாவின் கையும் உயர்ந்தது. பாதியில் எழும்பி, பக்கத்தில் இருந்தவரின் முகத்தைக் கண்டு இறங்கிய கைகளையும் கண்டார். அந்தக் கைகள்தான் அவர் மனதில் நின்றன. இரகசியமாகப் போட விட்டிருந்தால் நாகலிங்கம் வென்றிருப்பார் என்று முடிவு கட்டினார்.

அடுத்த ஒரு வருடம் முழுவதும் அவருக்கு இதே கதைதான். வாக்குச்சீட்டு வேண்டும், பெட்டி வேண்டும் என்று ஒவ்வொருவராகப் பிடித்துக் கதைத்தார். "எங்களுக்குள்ளை என்ன இரகசியம்?" என்று சிலர் சிரித்தார்கள். கடைசியில் சீவரத்தினமே "நியாயமான விசயம். அப்பிடியே செய்வம்" என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் சம்மதித்தார்கள்.

1989 ஐப்பசியில் அதே இருவரும் மறுபடி நின்றார்கள். ரீச்சர் ஒரு பிஸ்கற் தகரத்தின் மூடியில் துளை வெட்டி, விளிம்பைச் சுற்றி அரக்கு வைத்தார். புத்தக அலுமாரிக்குப் பின்னால் பழைய சேலையொன்றைத் திரையாகக் கட்டினார். ஒவ்வொருவரும் உள்ளே போய், சீட்டை மடித்துக்கொண்டு வந்து போட்டார்கள். எல்லோர் முன்னிலும் தகரத்தைத் திறந்து ரீச்சரே உரத்து வாசித்தார்.

நாகலிங்கத்துக்கு இருபத்தேழு. சீவரத்தினத்துக்கு அறுபத்தொன்று.

ரீச்சர் திரும்பவும் எண்ணினார். அதே கணக்குத்தான் வந்தது. சீவரத்தினம்கூடத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். நாகலிங்கம் எழும்பிப் போய் அவருக்குக் கைகொடுத்துவிட்டு, "நேரமாச்சு, வாறன்" என்று சைக்கிளை எடுத்தார்.

வீட்டுக்கு வந்த ரீச்சர் தேத்தண்ணியும் குடிக்கவில்லை. மீனாம்பிகை அரிக்கன் லாம்புச் சிமினியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஆருக்குப் போட்டனி?"

அப்படிக் கேட்கக்கூடாது என்பது ரீச்சருக்குத் தெரியும். கேட்டுவிட்டார்.

மீனாம்பிகை துடைத்துக்கொண்டே சொன்னார். "போன முறை நீ எனக்கு முன்னாலை இருந்து பாத்துக்கொண்டிருந்தாய். இந்த முறை ஒருத்தரும் பாக்கேல்லை."

"அந்தப் பம்ப் கதையை நம்பினனியே?"

"நம்பேல்லை."

"பேந்தேன்?"

"நம்பேல்லை பத்மா. ஆனால் அப்பிடியொரு கதை இருந்தது வசதியாப் போச்சு. போடாமல் விடுறதுக்கு ஒரு காரணம் வேணுமெல்லே."

தமக்கை கெட்டவர் அல்ல. பள்ளிக்கூடத்தில் கிடந்த நாட்களில் நாகலிங்கத்தின் கடைசிப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் விடிய விடிய மடியில் வைத்திருந்தவர் அவர்தான். அதை நினைக்க நினைக்க ரீச்சருக்கு மனம் கனத்தது. பயத்தை எடுத்துவிட்டால் மனிதரின் நல்ல பக்கம் தெரியும் என்று எண்ணியிருந்தார். பயத்தை எடுத்துவிட, அதற்குக் கீழே கிடந்ததுதான் தெரிந்தது. பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் பிழை செய்தவர்கள் சிலர். அதே கூச்சத்தில் நியாயமாக நடந்தவர்களோ அவர்களிலும் அதிகம்.

இரண்டு நாள் கழித்து ரீச்சர் நாகலிங்கத்தின் வீட்டுக்குப் போனார். இத்தனை வருடப் பழக்கத்தில் அதுதான் முதல் தடவை. படலையைத் திறக்கும்போதுதான் அது அவருக்கே உறைத்தது.

நாகலிங்கம் கதிரையைத் தூசி தட்டிப் போட்டார். அவருடைய மனைவி பராசக்தி ரீச்சரைக் கண்டதும் பின்பக்கத்தால் யாரையோ கடைக்கு அனுப்புவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு சோடாப் போத்தல் வந்தது. மூடி திறக்காமல், பக்கத்தில் ஓப்பனரோடு வைத்தார்.

எங்கள் பக்கத்தில் அது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அந்த வீடுகளில் எங்கள் ஆட்கள் குவளையில் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். அதனால் ஆர் கையும் படாத போத்தலை வாங்கி வைப்பார்கள். ரீச்சர் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகலிங்கத்துக்குப் போட்ட இருபத்தேழு பேரில் ரீச்சரும் ஒருத்தி என்று தெரிந்தும், பராசக்தி அவரை மற்றவர்களோடுதான் சேர்த்து வைத்திருக்கிறார். அதில் பிழை என்னவென்று கேட்க அவரிடம் ஒரு நியாயமும் இருக்கவில்லை.

"பராசக்தி, எனக்குத் தேத்தண்ணி போதும்" என்றார்.

பராசக்தி புருசனின் முகத்தைப் பார்த்தார். பிறகு குசினிக்குள் போனார். சில்வர் கப்பில் தேத்தண்ணி வந்தது. வாயில் வைக்கும் முன் தன் கை ஒரு கணம் நின்றதை ரீச்சர் உணர்ந்தார். அதைப் பிற்காலத்தில் எங்களிடம் அவரே மறைக்காமல் சொன்னார். "இத்தினை படிப்பிச்சும் அந்தக் கை நிண்டது" என்பார்.

நாகலிங்கம் சிரித்துக்கொண்டு சொன்னார். "ஒரு புதினம் ரீச்சர். முந்தநாளிலையிருந்து ஆக்கள் வந்து, உங்களுக்குத்தான் போட்டனாங்கள் எண்டு சொல்லிப்போட்டுப் போகினம். இருபத்தேழு எப்பவோ தாண்டியிட்டுது. தியாகராசா அண்ணை ரெண்டு தரம் வந்து சொன்னவர்."

"என்ரை பிழை, நாகலிங்கம். பெட்டி கேட்டு நிண்டது நான்தானே. வாற முறை கை உயர்த்திறதுக்கே மாத்துவமோ?"

"வேண்டாம்." அவருடைய சிரிப்பு நின்றிருந்தது. "நாப்பத்தொரு பேர் இருக்கினம் எண்டு நம்பிக்கொண்டு ஒரு வருசம் திரிஞ்சன். இப்ப மெய்யான கணக்குத் தெரியுது. இருபத்தேழு பேர், ஒருத்தரும் பாக்காத நேரம், எனக்குப் போட்டிருக்கினம். அது சின்னக் கணக்கில்லை ரீச்சர்."

அடுத்த மாதம் வானொலியில் அமெரிக்கச் செய்தியொன்று வந்தது. ஒரு மாநிலத்தில் ஆளுநர் பதவிக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் நின்றார். சனத்தைக் கேட்டு எடுத்த கணிப்புகள் அவர் நன்றாக முந்திக்கொண்டு நிற்பதாகச் சொல்லின. பெட்டியைத் திறக்க, மயிரிழையில்தான் வென்றிருந்தார். ரீச்சர் இதை வாசிகசாலையில் சொன்னபோது, எப்போதும் முதலில் வாய் திறக்கும் தியாகராசா சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் அமெரிக்காவைத் திட்டவில்லை.

பிறகு திரும்பவும் சண்டை தொடங்கியது. கரண்ட் போனது. சீவரத்தினம் மகளோடு கொழும்புக்குப் போய்விட்டார். 1990இல் கூட்டம் வைக்க முடியவில்லை. 1991இல் கூட்டம் நடந்தபோது சனம் குறைந்திருந்தது. நாகலிங்கம் மூன்றாம் முறையாக நின்றார். எதிரே நின்றவர் தியாகராசா. தகரமும் திரையும் அப்படியே இருந்தன. நாகலிங்கம் மூன்று வாக்குகளால் வென்றார். ஊர் திருந்திவிட்டது என்று ரீச்சர் சொல்லவில்லை. சனம் குறைந்ததாலும் இருக்கலாம், தியாகராசாவைப் பிடிக்காததாலும் இருக்கலாம் என்றார். தமக்கையிடம் இம்முறை எதுவும் கேட்கவில்லை.

1995 ஐப்பசியில் இராணுவம் முன்னேறி வர, வலிகாமத்துச் சனம் முழுவதும் வீடுகளை விட்டு மழையில் நனைந்துகொண்டு தென்மராட்சிக்குப் போனபோது, எங்கள் ஒழுங்கை ஆட்கள் ஒரு பள்ளிக்கூடத்தின் ஒரே வகுப்பறையில் ஒதுங்கினோம். மீனாம்பிகைக்குக் காய்ச்சல் வந்து எழும்ப முடியாமல் போனது. பராசக்தி கஞ்சி காய்ச்சி, குவளையில் ஊற்றிக்கொண்டு வந்தார். மீனாம்பிகையிடம் நேரே கொடுப்பதா, ரீச்சரின் கையில் தருவதா என்று தெரியாமல் கொஞ்சம் தயங்கி நின்றார்.

மீனாம்பிகை கையை நீட்டி வாங்கினார். இரண்டு மிடறு குடித்துவிட்டு, "உப்புக் காணாது பிள்ளை" என்றார்.

பராசக்தி உப்பு எடுக்கப் போனார்.