நல்ல தண்ணீர் கேட்ட எந்திரம்

நல்ல தண்ணீருக்கு அல்லாடுகிற ஊரில், நல்ல தண்ணீர் மட்டுமே குடிக்கிற எந்திரம் ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்தவன் நான். ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. சுதந்திரம் வந்த பிறகு மண்டபம் என்ற ஊரில் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டைக் காலி செய்தார். நான் போனது சாய்வு நாற்காலிக்காக. அதை வேறு யாரோ கொண்டுபோய்விட, என் கண் மேசைமேல் இருந்த ஒன்றில் மாட்டிக்கொண்டது.

சுரங்கத்துத் தண்ணீரை இறைக்க அந்தக் காலத்து இங்கிலாந்தில் செய்த நீராவி எந்திரத்தின் சிறு உருவம் அது. முழங்கை உயரம். பித்தளைக் கொதிகலன்; அதன்மேல் நம் கிணற்று ஏற்றம்போல ஒரு குறுக்குச் சட்டம். எள்ளளவு திருகுகளுக்கும் மரை வெட்டியிருந்தான், பெயர் தெரியாத எவனோ. மேல்தளத்தில் நடக்கிற ஆள் விழுந்துவிடாதபடி கம்பி வேலி வேறு. அப்படி ஓர் ஆள் இருந்தால் என் சுண்டுவிரல் நகத்தளவு இருப்பான். இல்லாத ஆளுக்கு வேலி போட்டவனை நினைத்து நினைத்து வியந்தேன்.

"அலமாரியில வச்சு அழகு பாருங்க," என்றாள் மனைவி.

எனக்கு அது ஓடவேண்டும். அதிலும், ஞாயிற்றுக்கிழமை அபிராமத்திலிருந்து வரும் மாமனார் கண்முன்னே ஓடவேண்டும். அவர் விவசாயி. மகளை ஒன்றுக்கும் உதவாதவனுக்குக் கொடுத்துவிட்டோம் என்ற எண்ணம் அவருக்கு உண்டு. அதை மறைக்கும் வழக்கம் கிடையாது.

முதலில் வீட்டுக் கிணற்று நீரை ஊற்றிக் கொதிக்கவைத்தேன். உப்புப் படிந்து குழாய் அடைத்துக்கொண்டது. ஊசியால் குடைந்து சுத்தம் செய்துவிட்டு மனைவியின் குடத்துக்குக் கை நீட்டினேன்.

"ஊத்துல உக்காந்து சிரட்டை சிரட்டையா மோந்த தண்ணி. வேணும்னா நீங்களே போய் மோந்துக்கிருங்க."

போனேன். மணலில் தோண்டிய ஊற்றைச் சுற்றிப் பெண்கள் தண்ணீர் ஊறக் காத்திருந்தார்கள்.

"என்னண்ணே, மதினிக்கு மேலுக்கு முடியலையா?" என்றாள் ஒருத்தி.

"எந்திரத்துக்குத் தண்ணி," என்றேன். பொய் எதுவும் சமயத்துக்கு வரவில்லை.

"அப்பக் கடைசியில நில்லுங்க. பிள்ளைக குடிச்ச மிச்சந்தான் எந்திரத்துக்கு."

நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது; சிரிப்பு அதற்குமேல் பிளந்தது. ஒரு செம்பு தேறும்வரை நகரவில்லை.

ஞாயிறன்று மாமனாரை எதிரே உட்காரவைத்து, செம்புத் தண்ணீரைக் கொதிகலனில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கை ஏற்றினேன். கொதித்தது. சட்டம் முனகியது, ஒருமுறை தலையாட்டியது, பிறகு விடாமல் ஆட்டியது. இறைப்பதற்காக அடியில் வைத்த தொட்டியிலிருந்த கிணற்று நீர் மேலேறிக் கிண்ணத்தில் சொட்டியது. நான் தொட்ட ஒரு காரியம் நடந்து அன்றுதான் பார்த்தேன். மாமனார்கூடக் குனிந்து, அந்த வேலியைத் தடவிப் பார்த்தார். விளக்கு அணைந்ததும் செம்பைக் கவிழ்த்தார், காலி. கிண்ணத்தை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"குடிச்சது ஒரு செம்பு, இறைச்சது ஒரு கரண்டி. ஒன் வீட்டுல ஏற்கனவே ஒண்ணு இப்பிடித்தான இருக்கு, தாயி."