பாண்டிச்சேரியில் நான் மாற்றிச் சொன்னது

ஆம்பூருக்கு வெளியே இருந்த ஒரு ஷூ கம்பெனியில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். பி.ஏ. ஆங்கிலம் படித்தவள் என்பதற்காக எடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் மெயிலைப் படித்து சாம்பிள் ரூமில் தமிழில் சொல்ல வேண்டும். அந்த அறையில் இருப்பவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வேண்டும். சாம்பிள் ரூம் என்பது புது மாடல் ஷூவை முதன்முதலாகச் செய்து பார்க்கும் அறை. அது சரியாக வந்தால்தான் ஆர்டர் வரும். ஆர்டர் வந்தால்தான் கீழே உள்ள நானூறு பேருக்கு வேலை.

அந்த அறையில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் மாஸ்டர். ஐம்பதைத் தாண்டியவர், பதினாறு வயதில் தோலைத் தொட்டவர். படத்தைப் பார்த்தே அட்டையில் அளவு வெட்டிவிடுவார். இன்னொருவர் பேரணாம்பட்டிலிருந்து தினம் பஸ்ஸில் வரும் அக்கா. மாஸ்டர் வெட்டிய தோலைத் தைத்து ஷூவின் மேல்பாகமாக்குவது அவர். சின்ன வயதில் வீட்டில் பீடி சுற்றியவர், தையல் கற்றுக்கொண்டு அதிலிருந்து வெளியே வந்தவர். புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்தான். இரண்டு பெண்களையும் அந்த மெஷினை வைத்துத்தான் படிக்கவைத்தார்.

எங்கள் ஆர்டரில் பெரும்பங்கு ஐரோப்பாவில் இருந்த ஒரே கம்பெனியிடமிருந்து வந்தது. அவர்கள் சார்பில் வருடத்துக்கு இரண்டு முறை ஒரு அம்மா வருவார். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். அறுபது வயதிருக்கும், நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பார். மாஸ்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒரு தையலை ஆறு தரம் பிரிக்கச் சொல்வார். மாஸ்டருக்கு ஆங்கிலம் தெரியாது, மேடத்துக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் நடுவில் நான் நிற்பேன்.

அந்த முறை வேலை முடிந்ததும் மேடம் என்னிடம், "சனிக்கிழமை உங்கள் மூன்று பேரையும் பாண்டிச்சேரிக்கு அழைத்துப்போக வேண்டும். ஊரைச் சுற்றிப் பார்க்கலாம். ஒரு பழைய வீட்டில் ஒயின் ருசி பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறேன். அங்கிருந்து நான் சென்னை ஏர்போர்ட் போய்விடுவேன்" என்றார். இத்தனை வருடத்தில் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

மாஸ்டரிடம் சொன்னேன். "ஒயின் ஷாப்புக்கா?" என்றார். எங்கள் பக்கம் ஒயின் ஷாப் என்றால் பிராந்திக் கடை. அது வேறு, இது வேறு என்று விளக்கினேன். அக்கா, "நான் கடலப் பாக்க வர்றேன். குடிக்கிற எடத்துல வெளியவே குந்திக்கிறேன்" என்றார்.

காலை ஐந்து மணிக்குக் கம்பெனி வேனில் கிளம்பினோம். வேலூரில் ஓட்டலிலிருந்து மேடத்தை ஏற்றிக்கொண்டு ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போனோம். அக்கா ஜன்னலோரம். மாஸ்டர் அயர்ன் செய்த வெள்ளைச் சட்டையில் இருந்தார். வழி முழுக்கத் தன் போனை எடுத்து எடுத்துப் பார்த்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே வந்தார். வீட்டில் ஏதாவது பிரச்சினையோ என்று நினைத்தேன். கேட்கவில்லை.

பாண்டிச்சேரியில் இறங்கும்போது பத்து மணி. மஞ்சள் சுவர் வீடுகள் வரிசையாக நின்ற தெருக்களில் நடந்தோம். சுவருக்கு மேலே காகிதப்பூ வழிந்துகொண்டிருந்தது. கல்யாண ஜோடிகள் ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புத் தொப்பி போலீஸைப் பார்த்து அக்கா சிரித்தார். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துப் பெரிய கோயிலில் நான் முட்டி போட்டு ஜெபித்தேன். நாங்கள் சி.எஸ்.ஐ. சபை, அது கத்தோலிக்கர் கோயில், இருந்தாலும் ஜெபித்தேன். அடுத்த சீசன் ஆர்டருக்காகத்தான் ஜெபித்தேன். ஆறு மாதமாக ஆர்டர் கம்மி. சனிக்கிழமைகளில் மெஷின்கள் நின்றுபோயிருந்தன. மேடம் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்ததே நல்ல செய்தி சொல்லத்தான் என்று மூன்று பேருமே நம்பினோம்.

ஒயின் ருசி பார்க்கும் இடம் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டின் முற்றம். வேப்பமரத்தடியில் வெள்ளைத் துணி விரித்த மேஜை. ஆளுக்கு நான்கு கண்ணாடிக் கோப்பை. பரிமாறிய இளைஞர் முதலில் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். "கோப்பையை லேசா சுத்துங்க. மோந்து பாருங்க. ஒரு வாய் வெச்சுக்குங்க. விழுங்க வேணாம்னா இந்தப் பாத்திரத்துல துப்பிடலாம்."

வெளியே உட்காருவதாகச் சொன்ன அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "துப்பறதுக்கா இம்மாந்தூரம் வந்தோம்?" என்று என் காதில் கிசுகிசுத்தார். கோப்பையை மூக்குக்குக் கொண்டுபோய்விட்டுக் கீழே வைத்தார். "அந்த ஆளு வாசன இல்ல" என்று மட்டும் சொன்னார். யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒரே ஒயின் திருவிருந்து ஞாயிறுகளில் ஆயர் கொடுக்கும் இனிப்பான திராட்சை ரசம். இது புளித்தது, நாக்கை இழுத்தது. மூன்றாவது கோப்பை கருஞ்சிவப்பு. இளைஞர், "இதுல கடைசியா ஒரு தோல் வாசனை வரும், கவனிங்க" என்றார்.

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். ஒரு வாய் வைத்து, அதை வாய்க்குள் சுற்றி விழுங்கினார்.

"தோல் வாசனலாம் இல்ல தம்பி. ஆனா துவர்ப்பு இருக்குது பாரு, அது கடுக்கா துவர்ப்பு. தோல் பதம் பண்ண கடுக்கா தண்ணியில ஊற வெப்பாங்க இல்ல, அதே. சின்னப்போ நாக்குல வெச்சுப் பாத்துகீறேன்."

நான் அதை மேடத்துக்குச் சொன்னேன். அவர் இரண்டு கையையும் தட்டிக்கொண்டார். திராட்சைத் தோலில் இருக்கும் துவர்ப்பும் கடுக்காயில் இருக்கும் துவர்ப்பும் ஒரே வகைதான் என்றும், பல வருடம் ஒயின் குடித்துப் பழகியவர்கள்கூட இப்படிக் கண்டுபிடித்துச் சொன்னதில்லை என்றும் சொன்னார். இளைஞர் மாஸ்டருக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினார். மாஸ்டர் முகம் சிவந்துபோனது. அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைச் சாலைக்கு வந்தோம். கரையெல்லாம் கருங்கல் கொட்டியிருந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கல்லில் இறங்கி நின்று, அலைத் தண்ணீர் காலில் பட்டதும் சத்தம் போட்டுச் சிரித்தார். நாங்கள் மேலே கட்டைச் சுவரில் உட்கார்ந்தோம். அப்போதுதான் மேடம் பேசினார்.

"உங்களை நேரில் பார்த்து விடைபெற விரும்பினேன். போன மாதம் உங்கள் முதலாளிக்கு எழுதிய கடிதத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். ஆனால் ஒரு கடிதம் போதாது. இந்த சீசனோடு எங்கள் வேலை வேறு நாட்டுக்குப் போகிறது. நான் எதிர்த்துப் பார்த்தேன். என்னையும் ஓய்வு பெறச் சொல்லிவிட்டார்கள். இவருடைய கைகளைப் போல நான் எங்கும் பார்த்ததில்லை. இதையெல்லாம் மாஸ்டரிடம் சொல்."

எங்களுக்குத் தெரியும் என்றே அவர் நினைத்திருந்தார். முதலாளி ஒரு மாதமாக எங்களிடம் வாயே திறக்கவில்லை.

"இன்னாமா சொல்றாங்க?" என்றார் மாஸ்டர். மேடத்தின் கண் கலங்கியிருந்ததை அவரும் கவனித்துவிட்டார்.

"உங்க வேலையப் பத்திதான் மாஸ்டர். இந்த மாதிரி கை எங்கியுமே பாத்ததில்லையாம்."

"அதுக்கா அழுவறாங்க?" சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த சீசன் ஆர்டர் இருக்குதானே? அத மட்டும் நேரா கேட்டுச் சொல்லு" என்றார்.

மேடத்திடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கீழே அக்கா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். இன்னும் இரண்டு மணி நேரம் போகட்டும், வேனில் ஏறியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"இருக்குது மாஸ்டர்" என்றேன்.

அவர் தலையாட்டினார். எழுந்து, பழைய கலங்கரை விளக்கம் இருந்த பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்துபோய் யாருக்கோ போன் பேசினார். திரும்பி வந்தபோது எல்லாருக்கும் சுண்டல் வாங்கி வந்தார்.

மாலையில் மேடத்தைக் கூட்டிப்போக வேறு கார் வந்தது. அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார், மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்து விரித்துப் பார்த்தார், என் கன்னத்தைத் தொட்டார். "நன்றாகச் சொல்லிவிட்டாய்தானே?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு அது இரண்டாவது பொய்.

திண்டிவனம் தாண்டியும் எனக்கு வாய் வரவில்லை. செஞ்சிக் கோட்டை மலை தெரிந்தபோது டிரைவர் டீக்கு நிறுத்தினார். டீயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். மேடம் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். நான் மாற்றிச் சொன்னதையும் சொன்னேன்.

அக்காதான் முதலில் பேசினார். "அடிப் பாவி. ஒரு நாளு மறச்சி வெச்சிட்டா நாளைக்கி சோறு வந்துடுமா?" பிறகு, "எனக்காவா மறச்ச? நான் சிரிச்சிக்கினு இருந்தேன்னா?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மாஸ்டர் டீயைக் குடிக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "ராணிப்பேட்டையில ஒரு கம்பெனில கூப்ட்டுக்கினு இருந்தாங்கம்மா. மாஸ்டர் வேலதான். இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்னாங்க. யாருக்கும் சொல்லல, மொதலாளி காதுக்குப் போய்டும்னு. நீ இருக்குதுன்னியா. சரி, இத்தினி வருஷம் சோறு போட்ட எடம், இத்த விட்டுட்டுப் போவ வேணாம்னு நெனச்சேன். பீச்சிலேர்ந்தே வரலன்னு சொல்லிட்டேன்."

"இப்பவே திரும்பப் பண்ணுங்க மாஸ்டர். நான் பேசறேன்" என்றேன்.

அவர் பண்ணினார். எதிர்முனையில் இருந்தவர், அடுத்து வரிசையில் இருந்த ஆளிடம் சொல்லியாகிவிட்டது என்றார். திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். மாஸ்டர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வேனில் ஏறினார்.

திங்கட்கிழமை முதலாளியைப் பார்க்கப் போனேன். "இந்த ஷிப்மென்ட் போற வரைக்கும் ஆளுங்க நிக்கணும்ல? அதனாலதான் சொல்லல. நீயும் சொல்லாத" என்றார். நான் கீழே இறங்கிப் போய் எல்லாருக்கும் சொன்னேன். சொல்லி என்ன பிரயோஜனம்? சுற்றுவட்டாரத்தில் எல்லாக் கம்பெனிகளிலும் ஆர்டர் கம்மியாகத்தான் இருந்தது. போக இடம் இருந்த சிலர் போனார்கள், மற்றவர்கள் ஷிப்மென்ட் முடியும்வரை நின்றார்கள். ராணிப்பேட்டைக்கு மாஸ்டருடன் நானே நேரில் போனேன். என் தப்பு என்று அந்த மேனேஜரிடம் சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அந்த வேலைக்கு வந்த ஆளை எங்களுக்குக் காட்டினார். முப்பது வயது, கம்ப்யூட்டரில் அளவு போட்டுக்கொண்டிருந்தார். இனிமேல் அட்டையில் வெட்டும் ஆள் வேண்டியிருக்காது என்றார் மேனேஜர்.

நான்கு மாதத்தில் சாம்பிள் ரூமைப் பூட்டினார்கள். அக்கா மறுபடியும் பேரணாம்பட்டு வீட்டில் பீடி சுற்றுகிறார். கிறிஸ்துமஸுக்கு கேக் கொண்டுபோனேன். என்னிடம் பேசிக்கொண்டே, இலையிலிருந்து கண் எடுக்காமல் சுற்றிக்கொண்டிருந்தார். கோபம் இல்லை என்றார். சின்னவளின் நர்சிங் படிப்பு பாதியில் நின்றதை நான் கேட்டபிறகுதான் சொன்னார். எனக்கு வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை கிடைத்துவிட்டது. ஆங்கிலம் தெரிந்ததால் கிடைத்தது.

மாஸ்டரை அதற்குப் பிறகு ஒரு முறைதான் பார்த்தேன். கூட வேலை பார்க்கும் பெண்ணின் கல்யாணத்துக்காக ஒரு மண்டபத்துக்குப் போயிருந்தேன். ஆட்டோவில் இறங்கியதும் நீலச் சட்டை போட்ட காவலாளி கேட்டைத் திறந்து சல்யூட் அடித்தார். கையை இறக்கிய பிறகுதான் நான் யாரென்று அவருக்குத் தெரிந்தது.

"நல்லா கீறியாமா?" என்றார்.

"நல்லா இருக்கேன் மாஸ்டர்."

அவர் காலில் இருந்த ஷூவைப் பார்த்தேன். ரெக்சின் ஷூ, முன்பக்கம் ஒட்டு விட்டிருந்தது. அதற்குள் பின்னால் கார் ஒன்று வந்து ஹாரன் அடித்தது. "உள்ள போமா. சாப்ட்டுதான் போவணும், இன்னா?" என்று சொல்லிவிட்டுக் காரைப் பார்த்து ஓடினார்.

பந்தியில் உட்கார்ந்து, இலையில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டேன். மண்டபத்துக்குப் பின்பக்கம் சமையல்காரர்கள் போகும் வழி ஒன்று இருந்தது. அந்த வழியாக வெளியே வந்து பஸ் ஏறினேன்.