ஊரைச் சுற்றிப் போன கோடு

காலை ஐந்தரை மணிக்கு மாமல்லபுரத்தில் விடுதி வாசலில் இருந்தவர்கள்: பவுலோ, என் முதலாளி. அவன் தங்கை தெரேசா, வழிக்குக் கோடு போட்டுத் தருவது அவள் வேலை. லிஸ்பனிலிருந்து வந்த பவுலோவின் நண்பர் ஒருவர், அவர் மனைவி. இருவருக்கும் ஐம்பது தாண்டியிருக்கும். என் மனைவியின் அண்ணன் சேகர், குட்டியானை வண்டியில் தண்ணீர் கேனும் வாழைப்பழமும் ஏற்றிக்கொண்டு. பிறகு நான்.

போர்ச்சுகலில் இந்த நேரத்தில் நான் வண்டிக்குள் இருப்பேன். முன்னால் வெள்ளைக்காரர்கள் சைக்கிள் மிதிப்பார்கள், பின்னால் அவர்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நான் போவேன். இங்கே நான் சைக்கிளில் முன்னால் நிற்கிறேன், அவர்கள் எனக்குப் பின்னால். என் ஊர் மண்ணில்தான் இது எனக்குப் புதுசாக இருந்தது.

இந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். தடித்த டயர், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடி. தார் ரோட்டை விட்டுவிட்டு மண் வழியாகவே நாள் முழுக்க மிதிப்பார்கள். கிராவல் பைக் என்று பெயர். காசு கொடுத்து வருகிறார்கள். பவுலோவின் கம்பெனி வழி காட்டி, சாப்பாடு போட்டு, படுக்க இடம் பார்த்துக் கொடுக்கும். சேகருக்கு இதை விளக்க இரண்டு டீ ஆனது.

"மச்சான், நம்ம காலனிக்கு ரோடு போட்டுக் குடுங்கன்னு நாலு தபா மனு குட்த்துகினு கீறோம். இவுங்க ரோடே இல்லாத எடமா பாத்து துட்டு குட்த்து வர்றாங்களா?"

"ஆமா."

"அப்ப மனுவ வாபஸ் வாங்கிரலாமா?"

எனக்குப் படிப்பு எட்டாவது. முதலில் அணுபுரம் குடியிருப்பில் சிமெண்ட் தூக்கினேன். பிறகு சிறுசேரியில் கம்பெனி ஆட்களுக்கு கேப் ஓட்டினேன். பிறகு ஏஜெண்ட் மூலம் போர்ச்சுகல். தெற்கே கடலோரம் பிளாஸ்டிக் கொட்டகைக்குள் ராஸ்பெரி பறிக்கிற வேலை. இரண்டு வருஷம் கழித்துப் பவுலோவிடம் வண்டி ஓட்டப் போனேன். மொத்தம் ஒன்பது வருஷம். ஊருக்கு வந்தது மூன்று தடவை. நான் போகும்போது மகள் கவிதாவுக்குப் பத்து வயசு. இப்போது செங்கல்பட்டில் கல்லூரிக்குப் போகிறாள். போனில் அவள் குரல் மாறியது எனக்குத் தெரியும். முகம் மாறியதைப் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை.

போன மழைக்காலத்தில் அங்கே வேலை இல்லாமல் கம்பெனியின் சைக்கிள் கடையில் உட்கார்ந்திருந்தோம். குளிர்காலத்தில் ஆட்களை எங்கே கூட்டிப் போவது என்று பவுலோ யோசித்துக்கொண்டிருந்தான். உன் ஊரில் மண் வழி உண்டா என்று கேட்டான். இருக்கிறது என்றேன். தெரேசா கம்ப்யூட்டரில் வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திறந்தாள். மாமல்லபுரத்தில் விரலை வைத்து இழுத்தேன். கால்வாய்க்கரை, சவுக்குத்தோப்பு, பாலாற்றுக்கு மட்டும் பாலம், அப்புறம் வேர்க்கடலைக் கொல்லை, ஏரிக்கரை, மறுபடி ஏரிக்கரை. செய்யூர் பக்கம் எங்கள் காலனி வரை விரலை எடுக்கவில்லை. யோசிக்கவும் இல்லை. கோடு அறுபத்து நான்கு கிலோமீட்டர் வந்தது. பவுலோ சொன்னான்: ஜனவரியில் ஓட்டிப் பார்ப்போம். சரியாக இருந்தால் வருஷாவருஷம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நீ அங்கேதான்.

மூன்று மாசம் வீட்டில். வெளியூரில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அன்று இரண்டு தடவை கடைக்கு வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

வழி நன்றாகவே போனது. சவுக்குத்தோப்பில் மணல் இழுத்தது, லிஸ்பன்காரரின் மனைவி ஒரு தடவை விழுந்து, எழுந்து சிரித்தார். தோப்பில் மரம் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். "அண்ணாத்த, இவுங்களுக்கு இன்னா வேண்டுதலா?" என்று ஒருவர் கேட்டார். வெயில் ஏறியதும் ஏரிக்கரையில் பனைமரம் பக்கம் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். அப்போது தெரேசா தன் போனை என் பக்கம் திருப்பினாள்.

"பதினொரு கிராமம் இருக்கிறது. உன் கோடு ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வந்ததும் வளைந்து வெளியே போகிறது. எப்படிச் செய்தாய்?"

அதுவரை நான் பார்த்ததில்லை. அவள் சொன்னபிறகு பார்த்தேன். ஊர் வருகிற இடமெல்லாம் கோடு ஒதுங்கிப் போயிருந்தது.

"நிழல்" என்றேன். எனக்குத் தெரிந்த போர்ச்சுகீஸ் வேலைக்குப் போதும், இதற்குப் போதாது. தெரேசா தலையாட்டி, போனில் 'நிழல்' என்று குறித்துக்கொண்டாள். நாங்கள் உட்கார்ந்திருந்த கரையில் அந்தப் பனையைத் தவிர மரம் கிடையாது.

எங்கள் பக்கத்தில் ஊர் வேறு, காலனி வேறு. நாங்கள் காலனி. அப்பா அம்மா நடவுக்கும் கடலை பிடுங்கவும் எந்த ஊருக்குப் போனாலும் தெரு வழியாகப் போனதில்லை. வரப்பு, ஏரிக்கரை, சுடுகாட்டுப் பாதை. நானும் அவர்கள் பின்னால் அப்படித்தான் நடந்தேன். என் கால் அறிந்த வழி அதுதான். அதைத்தான் விரல் வரைந்திருக்கிறது. அப்பா ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். என்னைக் கேரியரில் வைத்து மிதிப்பார். ஊர்த் தெருவுக்குப் போயே ஆகவேண்டும் என்றால் மளிகைக்கடை வளைவில் இறங்குவார். என்னையும் இறக்கிவிடுவார். தோளில் இருக்கும் துண்டு இடுப்புக்குப் போகும். தெரு முடியும்வரை தள்ளிக்கொண்டே நடப்பார், முடிந்ததும் ஏறுவார். ஏன் இறங்குகிறோம் என்று ஒரு தடவை கேட்டேன். "மேடுடா" என்றார். அந்தத் தெரு தண்ணீர் ஊற்றினால் ஓடாது, அவ்வளவு சமம்.

இதெல்லாம் பழைய கதை. இப்போது தெருவில் யாரும் யாரையும் இறங்கச் சொல்வதில்லை. சேகர் தினமும் வண்டியில் போகிறான். பையன்கள் பைக்கில் பறக்கிறார்கள். நான்தான் வெளியே இருந்துவிட்டேன்.

மாலை சைக்கிள்களைச் சேகர் வண்டியில் ஏற்றி மாமல்லபுரம் திரும்பியதும் பவுலோ சொன்னான்: "வழி அழகு. ஆனால் மனிதர்கள் எங்கே? ஏரியில் பார்த்த நாரை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஒரு கிராமத்துக்குள்ளாவது போகவேண்டும். டீ குடிக்கவேண்டும். கடைசி கிராமம் உன்னுடையதுதானே? அதன் தெரு வழியாக ஓட்டிப் பதிவு செய்து அனுப்பு. அது கிடைத்தால் மூன்று மாசம் உறுதி." அவனிடம் ஒரு சட்டம் உண்டு. கம்பெனி ஆள் ஒருவர் சைக்கிளில் ஓட்டிப் பார்க்காத கோட்டில் வாடிக்கைக்காரரை அனுப்பமாட்டான். கைப்பிடியில் தீப்பெட்டி அளவு மெஷின் ஒன்று உண்டு. போன இடம், வேகம், நேரம் எல்லாம் அதில் பதிவாகும். ஏமாற்ற முடியாது.

அன்றிரவே சேகரோடு வீட்டுக்கு வந்து, மறுநாள் காலை அங்கிருந்து தனியாகக் கிளம்பினேன். மளிகைக்கடை வளைவு வந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. கடை வாசலில் வெங்காய மூட்டை பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா நைனா, பஞ்சரா?"

"ஆமா" என்றேன்.

"நேரா போய் டேங்காண்ட கட கீது. எட்டு மணிக்குத்தான் தொறப்பான்."

பஞ்சர் என்று சொல்லிவிட்டதால் ஏற முடியவில்லை. தள்ளினேன். பாதித் தெருவில் பின்னால் ஹாரன். கவிதா, ஸ்கூட்டியில். பஸ் ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டுக் கல்லூரி பஸ் பிடிப்பாள்.

"ப்பா! இன்னா தள்ளிகினு வர?"

"பஞ்சர்மா."

"அத்தினி வெல சைக்கிளு, அது கூடவா பஞ்சராவும்?" என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள். முன் டயரைக் கட்டைவிரலால் அமுக்கினாள். பின் டயரையும் அமுக்கினாள். "காத்து நல்லாத்தானே கீது..."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கடையைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். மேடு என்று நான் சொல்லவில்லை.

"பஸ்ஸு போய்டும்ப்பா" என்று ஏறிப் போனாள். வேகமாகப் போகவில்லை. தெரு முடிகிறவரை மெதுவாகவே போனாள்.

மத்தியானம் நான் அனுப்பிய பதிவைப் பார்த்துவிட்டுப் பவுலோ போன் செய்தான். "இந்த இடத்தில் நீ நடந்திருக்கிறாய். ரோடு கெட்டதா?"

"நல்ல ரோடு. சிமெண்ட்."

"நாய் துரத்தியதா?"

"இல்லை."

"அப்படியானால் ஓட்டு. நாளை கடைசி நாள். மறுநாள் எங்களுக்கு விமானம்."

போர்ச்சுகலில் நான் வண்டி ஓட்டும் கிராமங்களில் சர்ச் எதிரே கிழவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வேலை இல்லாத நாளில் நானும் சைக்கிளில் அவர்கள் நடுவே போவேன். 'போம் தியா' என்று வணக்கம் சொல்வார்கள், நானும் சொல்வேன். யார் வீட்டுப் பிள்ளை என்று அவர்களுக்குத் தெரியாது. கால் மிதித்துக்கொண்டே இருக்கும். அந்த நிம்மதிக்கு விலையும் உண்டு: ஒன்பது வருஷத்தில் ஒருவர்கூட என்னை வீட்டுக்குள் கூப்பிட்டதில்லை. இங்கே நான் யார் பிள்ளை என்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதுதான் வீடு, அதுதான் வளைவு. இதை யாரிடமும் பேசியதில்லை. என்னோடு கொட்டகையில் ராஸ்பெரி பறித்த நம் ஊர்க்காரர்களிடம்கூட. அவர்களில் சிலர் தெருவுக்குள் இருந்து வந்தவர்கள்.

அன்று சாயங்காலம் கவிதா தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நாளைக்கு எத்தினி மணிக்குப் போற?"

"ஏழு."

"நான் ஆறரைக்கே கெளம்பிருவேன்."

"கிளாஸு சீக்கிரமா?"

"இல்ல" என்றாள். என் மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குழம்பு ஊற்றினாள்.

சொன்னபடி ஆறரைக்கே போய்விட்டாள். ஏழு மணிக்கு நான் வளைவில் இருந்தேன். வலது கால் தானாக எழும்பியது. அதை மறுபடி பெடலில் வைத்தேன். வைத்து அழுத்தினேன். கடைக்காரர் யாருக்கோ சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தார், தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, சக்கரம் கோலத்தில் ஏறிவிடுமோ என்று மட்டும் பார்த்தார். ஒரு நாய் எழுந்து உடம்பை முறுக்கிவிட்டுத் திரும்பப் படுத்தது. என்னைப் பார்ப்பதற்கு அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. இவ்வளவுதானா என்று அப்பாவிடம் கேட்க அவரும் இல்லை, நான் சிறுசேரியில் கேப் ஓட்டிய காலத்திலேயே போய்விட்டார்.

தெரு முடிந்த இடத்தில் ஒரு கால் ஊன்றி நின்றேன். அங்கிருந்தே கோட்டை அனுப்பினேன். பவுலோ விழித்துத்தான் இருந்தான் போல. உடனே பதில் வந்தது: டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. கீழே தெரேசா கேட்டிருந்தாள், தெருவுக்கு மட்டும் எவ்வளவு நேரம் என்று. மெஷினைப் பார்த்து எழுதினேன்.

எழுபத்தொரு வினாடி.