பத்து நிமிடத்தில் பத்து பாக்கெட்

திருப்பதியில் நான் எம்.பி.ஏ. படித்தபோது தொழில்முனைவு பாடம் எடுத்த பேராசிரியர் ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதமாக இருப்பார். உங்கள் பொருளை நாலு பேர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அதை நோட்டில் எழுதாதீர்கள், யாராவது பையில் கைவிட்டுப் பணத்தை எடுத்தால் மட்டும் எழுதுங்கள் என்பார். எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதுதான் வினை. அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்துத்தான் என் சிநேகிதியின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தேன்.

எங்கள் பொருள் மாம்பழத் துண்டு. சித்தூரில் பெங்களூரா என்று சொல்கிற கிளிமூக்கு மாம்பழத்தை நீளவாக்கில் அரிந்து, வெல்லப் பாகில் முக்கி, மிளகாய்த்தூள் தூவிக் காயவைத்து பாக்கெட் போடுவோம். யோசனை என்னுடையது, காயவைக்கிற மொட்டைமாடியும் சித்தூரில் எங்கள் வீட்டுடையது. பாக்கெட்டின் படம், லேபிள், கம்ப்யூட்டர் வேலை எல்லாம் அவளுடையது. அவள் திருப்பதிக்காரி. தலைமுறையாகக் கோயில் கைங்கர்யத்தில் இருந்த குடும்பம். அப்பா படுத்த படுக்கையாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் சித்தூர் மிஷன் சபையில் வளர்ந்தவள். இரண்டு பேருக்கும் தமிழ்தான், ஆனாலும் நான் 'துன்னு' என்றால் அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளுடைய 'ஆத்துல'வுக்கு நானும் சிரித்துப் பழி தீர்த்துக்கொள்வேன்.

அந்த வருடம் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்குப் பத்து பாக்கெட் எடுத்துப் போனேன். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அன்றைக்கு அவரவர் வீட்டில் விளைந்ததையும் வளர்த்ததையும் செய்ததையும் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்பார்கள். பூசணிக்காய், வாழைத்தார், சேவல், ஒரு டஜன் முட்டை. ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள், பணம் சபைக்குப் போகும். எங்கள் சபையில் ஏலம் விடுவது என் நைனா. மைக் கைக்கு வந்துவிட்டால் அவர் வேறு ஆள். யாராவது பூசணிக்காய்க்கு ஐம்பது ரூபாய் என்று கேட்டால், "ஒரு வருஷமா ஆண்டவரு உனுக்கு அம்பது ரூபாய்க்குத்தான் செஞ்சாரா?" என்பார். கூட்டம் சிரிக்கும். கேட்டவர் அசடு வழிந்துகொண்டு ஐந்நூறுக்குப் போவார்.

என் பாக்கெட்டுகளைக் கடைசியாக எடுத்து, தன் பெண் படித்துக்கொண்டே செய்த சரக்கு என்று அறிவித்தார். பத்தே நிமிடம். பத்தும் போயிற்று, ஒன்று முந்நூற்றைம்பது வரைக்கும். எல்லாரும் பையில் கைவிட்டுப் பணம் எடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். பேராசிரியர் கேட்டது இதைத்தானே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பந்தலை ஒழிக்கும்போது நாற்காலிகளில் நாலு பாக்கெட் பிரிக்காமல் கிடந்தன. இன்னொன்றை ஏலத்தில் எடுத்திருந்த, எங்கள் சபை டீச்சரக்கா வாசலில் என்னை நிறுத்தி, இதை எப்படித் தின்பது, ஊறவைத்தா என்று கேட்டார். யாரும் பண்டத்துக்காக வாங்கவில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததைத் தெரியாதது போல ஒதுக்கிவிட்டு, மறுநாள் திருப்பதி பஸ்ஸில் உட்கார்ந்து சிநேகிதிக்கு மெசேஜ் போட்டேன்: பத்து நிமிடத்தில் பத்து பாக்கெட். எங்கே என்று கேட்டாள். சித்தூரில் ஒரு விழாவில் என்றேன். பொய் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கல்லூரியில் ஒரே ஒரு மாணவர் குழுவுக்குத் தொழில் தொடங்க ஓர் அறையும் ஒரு வருடத்துச் செலவும் கொடுப்பதாக இருந்தார்கள். யாருக்கு என்று முடிவு செய்யும் குழு உட்கார்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அதே வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவள் இன்னொரு இடத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். நாயுடுபேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வருகிறேன், வரவில்லை, இரண்டில் ஒன்றை மெயிலில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவள் வீட்டில் அந்த வேலையை மலைபோல நம்பியிருந்தார்கள். அவளோ, அறை நமக்குக் கிடைத்தால் வேலை வேண்டாம் என்று எழுதிவிடுவதாக வீட்டுக்குத் தெரியாமல் முடிவு கட்டியிருந்தாள். பத்து நிமிடத்தில் பத்து போயிருக்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கத்தைவிட ஆசைதான் பெரிதாக இருந்தது. அந்த அறை எனக்கு வேண்டும். அவள் என்னோடு இருக்கவும் வேண்டும்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் ஊறுகாய்த் தொழில் செய்கிற ஓர் அம்மா. நாங்கள் கொடுத்த அறிக்கையின் முதல் பக்கத்தில் அந்தப் பத்து பாக்கெட் வரி கொட்டை எழுத்தில் நின்றது. அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாங்கினவர்கள் யார் என்று தெலுங்கில் கேட்டார். 'கம்யூனிட்டி ஈவென்ட்' என்று இங்கிலீஷில் சொன்னேன். இங்கிலீஷில் சொன்னால் எதுவும் கொஞ்சம் கண்ணியமாகிவிடுகிறது. அவர் பேனாவை மேஜையில் இரண்டு தட்டு தட்டினார். பிறகு என் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து, அறை கிடைத்தால் முழுநேரமும் இதிலேயே இருப்பாயா என்றார். இருப்பேன் என்று அவள் சட்டென்று சொன்னாள். வெளியே உட்காருங்கள், ஐந்து மணிக்கு முன்னால் கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

நடையில் ஓர் இரும்பு பெஞ்ச் இருந்தது. எதிரே சோலார் உலர்த்தி செய்த பையன்கள் மூன்று பேர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்களைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது. கடிகாரம் நாலு இருபது காட்டியது. அவள் போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தேன். உங்கள் வாய்ப்புக்கு நன்றி, ஆனால் என்று தொடங்கியிருந்தாள்.

இன்னும் கூப்பிடவில்லையே, அதற்குள் என்ன அவசரம் என்றேன். எழுதித் தயாராக வைத்துக்கொண்டால் கூப்பிட்டதும் அனுப்பிவிடலாம் என்றாள். அவள் கட்டைவிரல் ஓடிக்கொண்டே இருந்தது. அறை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம். அறை கிடைத்த பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது, மெயில் போயிருக்குமே என்று இன்னொன்று. நாலு முப்பத்தைந்து ஆயிற்று. அவள் கடைசி வரிக்குக் கீழே தன் பெயரைப் போட்டாள்.

"அனுப்பாத," என்றேன். "அது ஏலத்துல போனது."

அவளுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பந்தல், நைனா, மைக், ஐம்பது ரூபாய்ப் பேச்சு, நாற்காலியில் கிடந்த நாலு பாக்கெட், டீச்சரக்கா. சொல்லும்போது நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் திரும்ப ஆரம்பித்திருக்க மாட்டேன்.

அவள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"பெருமாளுக்குச் சாத்தின வஸ்திரம் ஏலம் போறதை நான் பொறந்ததுலேர்ந்து பாக்கறேன்," என்றாள். "ஏலம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு அன்னிக்கே புரிஞ்சிருக்கும். அதனாலதானே விழான்னு சொன்னே?"

ஆமாம் என்றேன். அதுவரைக்கும் எனக்கே அது தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. அவள் கேட்டபோதுதான் தெரிந்தது.

அப்பாவுக்கு மாத்திரை வாங்குவதே இந்த வேலையை நம்பித்தான், அது உனக்குத் தெரியும் என்றாள். தெரியும் என்றேன். எதிர்ப் பெஞ்சுப் பையன்கள் எங்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

அப்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை மாதமாக அவள் எங்கள் பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டுக்கு மேல் எடுத்து நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒன்று எடுப்பாள், நன்றாக இருக்கிறது என்பாள், கையைத் துடைத்துக்கொள்வாள்.

"நீ சொல்லு," என்றேன். "கடையில இருந்தா காசு குடுத்து வாங்கித் துன்னுவியா?"

'துன்னு'வுக்கு அவள் சிரிக்கவில்லை.

"மாட்டேன்," என்றாள். "எனக்கு அது பிடிக்கவே இல்லைடி. நீ மொட்டைமாடியில வெயில்ல நின்னுண்டு பண்றே. எப்படிச் சொல்றது?"

வாயில் வைக்கப் பிடிக்காத ஒரு பண்டத்துக்காக அவள் தன் வீட்டுச் சோற்றை உதறத் துணிந்திருந்தாள். ஊரே வாங்குகிறது, நமக்குத்தான் ருசி தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாளாம். ஊரும் என் முகத்துக்காகத்தான் வாங்கியது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு எல்லார்மேலும் கோபம் வந்தது. சபை மேல், நைனாவின் மைக் மேல், அவள் மேல். கடைசியில் சுற்றிச் சுற்றி என்மேலேயே வந்து நின்றது.

நாலு ஐம்பதுக்கு அவள் போனை நிமிர்த்தினாள். எழுதியதை முழுக்க அழித்துவிட்டு, வருகிறேன் என்று இரண்டே வரி எழுதி அனுப்பினாள். அனுப்பியாயிற்று என்று திரையில் வந்ததை எனக்குக் காட்டவில்லை. நானாகத்தான் எட்டிப் பார்த்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். நீயே போ என்றாள். போனேன். உட்காரச் சொல்வதற்கு முன்பே, அந்த முதல் பக்கம் தவறு, அது ஆலயத்தில் காணிக்கைக்காக நடந்த ஏலம் என்றேன். இந்தத் தடவை தெலுங்கில் சொன்னேன். ஊறுகாய் அம்மா ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. அப்படியானால் உண்மையாகவே வேண்டும் என்று வாங்கினவர்கள் எத்தனை பேர் என்றார்.

ஒருவரும் இல்லை என்றேன்.

அவர் ஏதோ எழுதினார். நன்றி, போகலாம் என்றார். திட்டவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. அறை சோலார் பையன்களுக்குப் போயிற்று என்பது அவர்கள் போட்ட கூச்சலில் தெரிந்தது.

அவள் போயிருப்பாள் என்று நினைத்துத்தான் வெளியே வந்தேன். பெஞ்சிலேயே இருந்தாள். குழுவுக்குக் காட்டக் கொண்டுவந்த பாக்கெட்டைப் பிரித்து, ஒன்றை வாயில் போட்டு முகத்தைச் சுளித்து மென்றுகொண்டிருந்தாள்.

"தோலை ஏன்டி சீவறதில்லை? நாக்கெல்லாம் அரிக்கறது," என்றாள்.

கையில் இருந்த அறிக்கையின் முதல் பக்கத்தைத் திருப்பி, பேனாவை எடுத்து எழுதினேன். மறுபக்கத்துக் கொட்டை எழுத்து தாளில் மங்கலாகத் தெரிந்தது. வெல்லம் காந்தியிருக்கிறது, கசக்கிறது என்றாள். எழுதினேன். மிளகாய் தொண்டையைப் பிடிக்கிறது, துண்டு நீளம், பல்லில் ஒட்டுகிறது, பாக்கெட்டைப் பிரித்தால் மூட வழியில்லை, விலை அதிகம். ஒவ்வொன்றும் சுருக்கென்றது. எதையும் மறுக்கவில்லை. ஒரு வருடப் படிப்பில் ஒரு வாடிக்கையாளர் எனக்கு வாய்திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

ஏழு குறை ஆயிற்று. எட்டாவதைச் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அதையும் சொல்லு என்றேன்.

"உன்னை மறுபடி நம்பறதுக்கு எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்," என்றாள்.

அதையும் எழுதிக்கொண்டேன்.