சாவி பதித்த பிஸ்கெட்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சோறு தின்னும்போதுகூட ஒரு காலைக் குத்துக்காலிட்டுத்தான் வைத்திருப்பேன், எந்த நேரமும் எழுந்து ஓடலாம் என்று. "சந்தைக்குப் போனா உன்னக் கட்டிப்போட ஒரு மொளைக்குச்சி வாங்கியாறணும்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் கிருஷ்ணகிரிக்கும் பெங்களூருக்கும் நடுவே பஸ் ஓட்டியவர். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறவருக்கு என் ஓட்டம் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

நாங்கள் ஓசூரில் பெங்களூர் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். ஐம்பதுகளின் நடுப்பகுதி. தொழிற்சாலை என்ற பேச்சே அப்போது அங்கே எழவில்லை. சாலையைத் தாண்டினால் ராகிக் காடு, காட்டைத் தாண்டினால் கன்னடம். சந்துக்குள்ளேயே மூன்று பாஷை நடமாடும். ஊத்தங்கரைப் பக்கத்து வறண்ட ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு, அங்கே பழகாமல் போனது குளிர் ஒன்றுதான்.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு ஏழு வயதானபோது, ஐப்பசி மழையோடு மழையாக டைபாயிடு வந்தது. மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் என் முந்தானையை இழுத்து, அதில் முடிந்திருந்த பெட்டிச் சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டேதான் கிடந்தாள். இரும்பின் குளிர்ச்சி அந்தச் சூட்டுக்கு இதமாக இருந்திருக்க வேண்டும். சாவியின் தலையில் மூன்று வளையங்கள் ஒட்டினாற்போல் இருக்கும். ஒவ்வொரு வளையத்திலும் சுண்டுவிரலை நுழைத்து நுழைத்து எடுப்பாள். நான் எழுந்து போகவேண்டுமானால் சாவியை அவிழ்த்து அவளிடமே விட்டுவிட்டுப் போவேன்.

காய்ச்சல் விட்டது. ஆனால் பசி வரவில்லை. தலைமுடியை ஒட்ட வெட்டியாயிற்று. கால்கள் சோளத்தட்டைபோல ஆகிவிட்டன. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் மணிக்கட்டை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்துவிட்டு, "மார்கழிப் பனிக்குள்ள உடம்பு தேறணும்மா. இந்த நெலமையில மறுபடி சொரம் திரும்பினா தாங்காது" என்றார். தாங்காது என்ற அந்தச் சொல் என் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமும் இல்லை, நிலைகொள்ளலும் இல்லை.

கஞ்சி காய்ச்சினேன். ராகியை முளைகட்டி, காயவைத்து, வறுத்து, திரித்து, வெல்லப்பாகு விட்டு உருண்டை பிடித்தேன். பயத்தம் உருண்டை, எள்ளுருண்டை, நெய் விட்ட ராகிப் புட்டு என்று நாளுக்கொன்று. எங்கள் பக்கத்தில், கடையில் தின்பண்டம் வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கிறவளை அடுப்பு மூட்டத் தெரியாதவள் என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். எனக்குக் கைப்பக்குவம் உண்டு என்று ஊரே சொல்லும், நானும் நம்பியிருந்தேன். தட்டோடு அவள் எதிரே உட்காருவேன். "வாயத் தெற. மெல்லு. இன்னும் முழுங்கலியா? இன்னும் ஒரே ஒரு வாயி" என்பேன். அவள் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொள்வாள். நான் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் அவள் குமட்டிக்கொண்டு துப்புவாள். நான் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போவேன்.

இதற்கு நடுவில் அவள் அப்பா பெங்களூரிலிருந்து காகிதப் பொட்டலத்தில் பிஸ்கெட் வாங்கி வருவார். காய்ச்சல்காரர்களுக்கு ரொட்டியும் பிஸ்கெட்டும்தான் என்று அந்தக் காலத்தில் டாக்டரே எழுதிக் கொடுப்பார், அதனால் என்னால் தடுக்க முடியவில்லை. பொட்டலத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு அவர் குளிக்கப் போவார். அந்தக் கண்றாவியைப் பார்க்கப் பிடிக்காமல் நானும் கிணற்றடிக்குப் போய்விடுவேன். திரும்பி வந்தால் இரண்டு மூன்று பிஸ்கெட் காணாமல் போயிருக்கும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரோ முகம் தெரியாதவன் சுட்டது இறங்குகிறது, பெற்றவள் கையால் கொடுத்தது இறங்கவில்லை. இது எந்த ஊர் நியாயம்? டாக்டரிடமே போய்க் கேட்டேன். "அதுல என்னம்மா சத்து இருக்குது? வாய்க்கு ருசி, அவ்வளவுதான். ராகி, நெய், வெல்லம், இதெல்லாம் உள்ள போவணும்" என்றார். போகணும் என்று எனக்குத் தெரியாதா? போகும் வழியைத்தான் காணவில்லை.

வழி பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அந்த அக்கா புளி மண்டிக்காரர் மனைவி. முஸ்லிம் குடும்பம், எங்களைப்போலவே வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். கடைப் பிஸ்கெட்டுக்கு என் மகள் காட்டும் மரியாதையைப் பற்றி நான் புலம்பி முடித்ததும் அக்கா சிரித்தார்.

"புள்ளக்கி பிஸ்கெட்டு மாதிரி இருந்தாப் போதுமில்ல? நீயே பெசஞ்சு எடுத்தாடி. நாங்க நோன்புப் பெருநாளைக்கி நான்கட்டாய் பிஸ்கெட்டு எங்க சுடறோம்னு நெனக்கிற? பேக்கரிக்காரன் அடுப்புலதான்."

சாலை முனையில் ஒரு பேக்கரி இருந்தது. காலையில் ரொட்டி சுட்டு எடுத்தபின் விறகு அடுப்பின் சூடு மெல்லத் தணியும். அந்த நேரத்தில் வீட்டுக்காரர்கள் தங்கள் மாவைத் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்தால், பேக்கரிக்காரர் உள்ளே தள்ளிச் சுட்டுத் தருவார். பத்துத் தட்டு ஒன்றாக வேகும்போது யாருடையது எது என்று தெரிய வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் உண்டு. மாவில் அதைப் பதித்துத்தான் தர வேண்டும். அக்கா வீட்டு அடையாளம் கோட்டுப் பொத்தான். இன்னொரு வீட்டில் சீப்பு. என்னிடம் என்ன இருந்தது? முந்தானையை அவிழ்த்து, சாவியின் தலையைப் பதித்தேன்.

முதல் தடவை அடைக்குப் பிசைகிற மாதிரி ராகி மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்து எடுத்துப்போனேன். பேக்கரிக்காரர் அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரர். மாவை விரலால் தொட்டுப் பார்த்தார். "ஏனம்மா இது? முத்தே கிண்டற மாவா?" என்றார். அவர்கள் பேச்சில் ஏனம்மா என்றால் என்னம்மா, முத்தே என்றால் களி. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீங்க சுட்டுக் குடுங்க, போதும்" என்றேன். சுட்டுத்தான் கொடுத்தார். ஓடு மாதிரி இருந்தது. எங்கள் சந்தில் திரியும் நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "சொட்டுத் தண்ணி விடக்கூடாதுடி" என்றார். நெய்யையும் பொடித்த வெல்லத்தையும் உள்ளங்கையால் தேய்க்க வேண்டும். நிறம் வெளுத்து நுரைக்கும்வரை தேய்க்க வேண்டும். அப்புறம்தான் மாவு. பாதி கோதுமை, பாதி முளைகட்டிய ராகி, கொஞ்சம் ஆப்பசோடா, ஏலக்காய். தேய்க்கிற வேலை எனக்குப் பிடித்திருந்தது. தாங்காது என்ற அந்தச் சொல் நினைவுக்கு வரும்போதெல்லாம் இன்னும் வேகமாகத் தேய்ப்பேன்.

இரண்டாம் தட்டு பொலபொலவென்று வந்தது. பேக்கரிக்காரர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சரி என்று தலையை ஆட்டினார். வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். பழைய காகிதத்தில் பொட்டலம் கட்டினேன், பெங்களூர்ப் பொட்டலம் மாதிரியே நூல் சுற்றி. அவள் தலைமாட்டில் வைத்தேன்.

"கடை பிஸ்கெட்டு. அப்பா குடுத்தனுப்பினாரு" என்றேன்.

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்கு முகம் சுட்டது. பொய் சொன்ன முகத்தை வைத்துக்கொண்டு பெற்ற பிள்ளை எதிரே உட்கார முடியுமா? குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன். தேவையே இல்லாமல் நான்கு குடம் தண்ணீர் இறைத்தேன். திரும்பி வந்தபோது மூன்று பிஸ்கெட் குறைந்திருந்தது. மறுநாள் ஐந்து.

அப்புறம் இதுவே வழக்கமாயிற்று. வாரத்துக்கு இரண்டு தட்டு. கடை என்று சொல்வேன், வைப்பேன், ஓடிவிடுவேன். ஒருநாள் மாவில் வேர்க்கடலைப் பொடி சேர்த்தேன், ஒருநாள் எள். அதுவும் கடைதான். மார்கழி பிறந்தது. பனி சாலையை மூடியது. அவள் இருமுகிறாளா, நெற்றி சுடுகிறதா என்று பத்துத் தடவை தொட்டுப் பார்ப்பேன். சுடவில்லை. கன்னத்தில் லேசாகச் சதை பிடித்தது. டாக்டர் மறுபடி அவள் மணிக்கட்டை வளைத்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல, என்ன குடுக்கறீங்க?" என்றார். அவள் பக்கத்திலேயே நின்றாள். "பிஸ்கெட்டுங்க" என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

சந்தோஷப்படத்தானே வேண்டும்? பட்டேன். ஆனாலும் உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. என் கைப் பண்டம் என்று சொல்லாதவரைதான் அது அவளுக்குள் இறங்கும். நான் யாரோ கடைக்காரியாக இருந்தால்தான் என் பிள்ளைக்கு என் சமையல் பிடிக்கும். "வேலைய முடிச்சமா, வுடு. பேரு யாருக்கிருந்தா என்ன?" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவருக்கென்ன, பேரெல்லாம் அவருக்குத்தான் போனது.

தை பிறந்த பின் ஒரு நாள், தட்டைத் தூக்கிக்கொண்டு போனால் பேக்கரி பூட்டியிருந்தது. தங்கை கல்யாணத்துக்குப் பாகலூர் போயிருக்கிறார், வர நான்கு நாளாகும் என்றார்கள். வீட்டில் டப்பா காலி. நல்லவேளையாக அன்று அவள் அப்பா பெங்களூரிலிருந்து நிஜமான கடைப் பிஸ்கெட் கொண்டுவந்தார். அதையே அதே காகிதத்தில், அதே நூலில் கட்டி வைத்தேன்.

"கடை பிஸ்கெட்டு" என்றேன். அன்று பொய்யில்லை என்பதால் ஓடவும் இல்லை, அங்கேயே துணி மடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் ஒன்றை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். வைத்துவிட்டாள். அடுத்ததை எடுத்தாள், அதையும் வைத்துவிட்டாள்.

"இதுல சாவி இல்ல" என்றாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தட்டு மாறிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு பிஸ்கெட்டிலும் மெனக்கெட்டு என் வீட்டு அடையாளத்தைக் குத்தி, அதைக் கடைப் பிஸ்கெட் என்று இரண்டு மாதமாக ஒரு பிள்ளையை ஏமாற்றியிருக்கிறேன்! அதுவும் எந்தப் பிள்ளையை? மூன்று வாரம் அந்தச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்த பிள்ளையை.

"எப்பலேர்ந்துடி தெரியும்?"

"மொத நாளே."

"அம்மா செஞ்சதுன்னு தெரிஞ்சுமா தின்ன? அப்ப உருண்டை குடுத்தா ஏன் துப்பின? புட்டு குடுத்தா ஏன் துப்பின?"

அவள் பொட்டலத்து நூலை விரலில் சுற்றினாள். திட்டுவேனோ என்று பயந்திருப்பாள்.

"வூட்டுதுன்னா நீ எதுத்தாப்புல குந்திக்கினு என் வாயவே பாப்ப. கடைன்னா அந்தாண்ட போயிடுவ." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீ பாத்தா முழுங்க வரலம்மா."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். உனக்காகத்தானே பார்த்தேன் என்று கத்த வாயைத் திறந்தேன். அவள் கன்னத்தில் புதிதாகப் பிடித்திருந்த சதை கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டேன். வலித்தது. இத்தனை நாள் நான் ஊட்டியது ராகியை அல்ல, என் பயத்தை. அதைத்தான் அவள் துப்பியிருக்கிறாள்.

மறுநாள் ராகிப் புட்டு அவித்தேன். நெய் விட்டு, வெல்லம் தூவி அவள் பக்கத்தில் வைத்தேன். "இது வூட்டுது. நான்தான் செஞ்சேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தேன். பூட்டிய பேக்கரிவரை போனேன். பெங்களூர் போகும் பஸ்கள் இரண்டு கடந்து போயின. திரும்பிப் போகலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று அந்தப் பூட்டின் முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். பூட்டைக்கூட ஒருமுறை இழுத்துப் பார்த்தேன், எதற்கென்று தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது தட்டில் ஓரமாக ஒரு கைப்பிடி புட்டு மட்டும் குவித்து வைத்திருந்தது.

"அது உனக்கு. குந்தித் தின்னு" என்றாள்.

உட்கார்ந்தேன். இரண்டு காலையும் மடக்கி, சம்மணம் போட்டு. அவள் வந்து என் எதிரே உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்தாள். முதல் வாய் போயிற்று. இரண்டாவது கன்னத்தில் ஒதுங்கியது. "முழுங்கலியா? இன்னும் முழுங்கலியா?" என்றாள். மூன்றாவது வாய் தொண்டையில் நின்றுவிட்டது.