வீட்டில் வழுக்கி விழுந்தேன்

ஏற்காட்டில் எங்கள் அலுவலகம் ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில் இருக்கிறது. குரங்குகள் வந்து ஓட்டைப் பிரித்துப் போட்டுவிடும். கூரை ஒழுகுகிறது என்று மேலே எழுதினால், ஆள் வருவதற்குள் அடுத்த மழைக்காலமே வந்துவிடும். அதனால் பதிவறைக் கோப்புகள் நனையாமல் தார்ப்பாய் போட்டு மூடுவதும் எங்கள் வேலையாகிவிட்டது. மேசை மேல் நாற்காலி, நாற்காலி மேல் நான். என் வாடகை வீடு அலுவலகத்துக்குப் பின்புறச் சரிவிலேயே இருப்பதால், விடுமுறை நாளில் மழை பிடித்தால் முதல் போன் எனக்குத்தான் வரும். இதற்கு யாரும் ஆணை போட்டதில்லை. கூப்பிடுவார்கள், போவேன்.

கூப்பிடுபவர் எங்கள் கண்காணிப்பாளர். அவரை அக்கா என்றுதான் அழைப்பேன். என் கணவர் பணியில் இருக்கும்போதே இறந்து, வாரிசு வேலை எனக்குக் கிடைத்து, சின்னப் பெண்ணோடு இந்த மலைக்கு ஏறி வந்தபோது இங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. மகள் புதுப் பள்ளிக்குப் போக வேண்டிய முதல் நாள் நான் காய்ச்சலில் கிடந்தேன். அக்காதான் வந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் மழை இறங்கியதும் போன் வந்தது.

"கண்ணு, ஆபீஸ் வாசல்ல ஓடு ரெண்டு ஒடஞ்சு கெடக்குதாம். உள்ள நொம்ப ஒழுகும். நானும் வந்தர்றேன், நீயும் வா."

"வர்றனுங்கக்கா."

மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்: "ஏம்மா, லீவு நாள்ல கொரங்குக்கு வேல பாக்கறயா? அது சம்பளம் குடுக்குமா?"

சிரித்துக்கொண்டேதான் போனேன்.

நாற்காலியை அக்கா பிடித்துக்கொண்டார். அலமாரி மேல் கிடந்த பழைய தார்ப்பாயை இழுத்தேன். அதில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் அவர் தலையில் கொட்டியது. பதறிப்போய்க் கையை எடுத்துவிட்டார். நாற்காலி நகர்ந்தது. அதை நான் இன்றுவரை அவர் குற்றமாக நினைக்கவில்லை. யாராக இருந்தாலும் எடுத்திருப்பார்கள். சிமெண்ட் தரையில் வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு வேறு யாருடையதோ போலத் திரும்பிக் கிடந்தது.

வாடகை ஜீப்கள் நிற்கும் ஒண்டிக்கடைக்கு ஓடிப்போய் ஜீப் கூட்டி வந்ததும் அக்காதான். கீழே சேலம் போகும்வரை, ஒவ்வொரு வளைவிலும் என் கை எதிலும் இடிபடாமல் தன் மடியில் வைத்துப் பிடித்திருந்தார். பாதி மலை இறங்கியபோது என் காதருகே குனிந்தார்.

"சாமி, டாக்டர் கேட்டா ஊட்டுல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லீரு. லீவு நாள்ல யாரக் கேட்டு ஆபீஸத் தொறந்தேன்னு என்னையத்தான் புடிப்பாங்க. ரிட்டையர் ஆகற நேரத்துல ஒரு மெமோ வந்தா பென்சன் எல்லாமே நின்னு போயிரும். உனக்கு என்ன வேணுமோ அதெல்லாம் அப்பறமா எழுதிச் சரி பண்ணிக்கலாம். நான் இருக்கறனில்ல?"

எங்கள் பக்கத்தில் யாருக்கு அடிபட்டாலும் இப்படிச் சொல்வதுதான் வழக்கம். எஸ்டேட்டில் மிளகு பறிக்க ஏறி மரத்திலிருந்து விழுந்தவர்கூட ஆஸ்பத்திரியில் ஊட்டுல வழுக்கி விழுந்தேன் என்பார். உண்மையைச் சொன்னால் போலீசுக்குத் தகவல் போகும், ஆயிரம் கேள்வி வரும், வேலைக்குக் கூப்பிட்டவருக்குச் சங்கடம் என்று பயம். நான் பட்டம் படித்தவள். விதிகளையும் சுற்றறிக்கைகளையும் தினமும் தட்டச்சு செய்பவள். டாக்டர் கேட்டபோது நானும் அதையே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அக்கா என் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

தகடு வைத்துத் தைத்தார்கள். காயம் ஆறியது, ஆனால் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. பேனாவைப் பிடித்தால் நழுவியது. இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்துகொண்டே வந்தது. பணியின்போது ஏற்பட்ட காயம் என்று ஏற்றுக்கொண்டால் சிறப்பு விடுப்பும் இழப்பீடும் உண்டு, கைக்கு ஏற்ற வேறு வேலையும் கேட்கலாம். இல்லையென்றால் வீட்டில் வழுக்கி விழுந்து, தட்டச்சு செய்ய முடியாமல் போன ஒரு ஊழியர். மகளை என்ன படிக்க வைப்பது, இந்த வேலை போனால் எங்கே போவது என்று நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விண்ணப்பம் போடலாமா என்று அக்காவிடம் போய் நின்றேன்.

"இப்ப வேண்டாங் கண்ணு. நான் வெளிய போயிர்றேன், அப்பறம் போடு."

"அது வரைக்கும் லீவு தாங்காதுங்கக்கா."

"அவசரப்பட்டு என்னைய மாட்டி உட்றாத." குரலில் சிரிப்பு இருந்தது. முகத்தில் இல்லை.

வேறு வழியில்லாமல் இடது கையால் தட்டச்சு செய்து விண்ணப்பத்தைக் கொடுத்தேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். ஆஸ்பத்திரியில் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் எழுதினேன். ஆனால் அக்கா சொல்லித்தான் சொன்னேன் என்று எழுதவில்லை. பயத்தில் சொன்னேன் என்று போட்டேன். அவரே வாயைத் திறந்து சொல்வார் என்று நம்பினேன்.

விசாரிக்கச் சேலத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்.

"அன்னிக்கு ஆபீஸ் தொறந்தீங்களா?"

"இல்லைங்கய்யா. சனிக்கெழம எதுக்குங்க தொறக்கறோம்?" என்றார் அக்கா.

"இவங்களுக்கு நீங்க போன் பண்ணுனதா சொல்றாங்களே?"

"நாங்க தெனமும் பேசறதுதானுங்க. எனக்கு அவ கூடப் பொறந்த தங்கச்சி மாதிரி. விழுந்துட்டான்னு கேட்டதும் நானேதான் ஜீப் புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். ஜீப்காரரைக் கேட்கச் சொன்னேன். ஏற்கனவே கேட்டிருக்கிறார். ஆபீஸ் கிட்ட ரோட்டில் ஏற்றியதாகத்தான் அவருக்கும் தெரியும். என் வீட்டுக்கும் அதுதான் ரோடு. என் மகளைக் கேளுங்கள் என்று வாய் வரை வந்தது. பரீட்சை நேரத்தில் அவளை இங்கே கொண்டுவந்து, தனக்குத் தலை பின்னிவிட்டவரை எதிர்த்துப் பேச வைக்க வேண்டுமா என்று விழுங்கிவிட்டேன்.

"ஏங்கக்கா," என்றேன். அவர் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் தானே கூறியபடி வீட்டில் ஏற்பட்ட காயம் என்பதால் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்று பதில் வந்தது. மகள் அதை இரண்டு முறை படித்தாள்.

"நீ பொய் சொன்னத நம்பீட்டாங்க. நெசத்த நம்பலயா?"

மேல்முறையீடு செய்திருக்கிறேன். பதில் இல்லை. சம்பளமில்லா விடுப்புக்குப் பிறகு வேலைக்குத் திரும்பி, இடது கையால் மெதுவாகத் தட்டச்சு செய்கிறேன். தாமதத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு முறை குறிப்பும் வந்தது.

ஓய்வு பெறும் முன் அக்கா என் வீட்டுக்கு வந்தார். பலாச்சுளை கொண்டுவந்திருந்தார். "மனசுல வெச்சுக்காத கண்ணு. என் நெலமையில நீ இருந்தா என்ன பண்ணியிருப்ப? விழாவுக்கு வந்துரு. நீ இல்லாம நல்லா இருக்காது."

இத்தனை வருடப் பழக்கத்தில் "பரவால்லைங்கக்கா" என்று என் வாய் தானாகத் திறந்தது. உள்ளிருந்து மகள் வந்தாள். பலாச்சுளைப் பாத்திரத்தை எடுத்து மறுபடி அக்கா கையிலேயே கொடுத்தாள். "அம்மாவுக்குக் கை நீட்டி வாங்க முடியாதுங்க பெரீம்மா" என்றாள். நான் அவளை அதட்டவில்லை. விழாவுக்கும் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல மழை. புதிய கண்காணிப்பாளர் கூப்பிட்டார்.

"ஏனுங்க, பதிவறையில ஒழுகுதாம். நீங்கதான் பக்கத்துல. கொஞ்சம் தார்ப்பாய் போட்டுட்டு வந்தர்றீங்களா?"

போனைக் காதில் வைத்தபடியே நான் செருப்பை மாட்டியிருந்தேன். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"எழுத்துல ஒரு ஆணை அனுப்புங்க சார். போன்லயே அனுப்புனாப் போதும். இன்னொரு ஆளையும் வரச் சொல்லுங்க. வர்றேன்."

அவர் சிரித்தார். "ஓட்டைய மூடறதுக்கெல்லாம் ஆர்டரா? வேண்டாம் வுடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்."

என் விண்ணப்பமும் அதற்கு வந்த பதிலும் முடிந்த கோப்பாகக் கட்டி அந்த அறையில்தான் வைத்திருக்கிறார்கள். மேல்முறையீட்டுக்கு அதைக் கேட்டாலும் கேட்பார்கள். எந்த அலமாரி என்றுகூட எனக்குத் தெரியும். சன்னல் வழியாகப் பார்த்தால் அந்தக் கூரை தெரியும். ஓடு விலகிய இடம் கறுப்பாகத் தெரிந்தது. மதியம் வரை மழை விடவில்லை. செருப்பைக் கழற்றாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.